ஸ்டீரிங் பாக்ஸில் கிரீஸ்

மார்ச் 23, ஞாயிறு

மில்லில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் விட்டுப் போகாது. மெஷினில் கை வைத்தால் லாக் புக்கில் எழுத வேண்டும். இன்று ஆஸ்டினில் கை வைத்தேன். அதனால்தான் இந்த டைரி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வண்டி: ஆஸ்டின் ஏ-40, 1951. மில் மேனேஜர் வைத்திருந்தது, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நான் வாங்கியது. கோளாறு: ஸ்டீரிங் இறுக்கம். நேராகப் போகும்போது பிடித்துக்கொள்கிறது, வளைவில் கிறீச்சென்கிறது. வீட்டு கேட்டைத் தாண்டி மூன்று வருஷம் ஆகிறது. வேலை முடிய வேண்டிய தேதி: ஏப்ரல் 30.

அன்றைக்கு வசந்தாமணிக்குப் பணி ஓய்வு. என் மனைவி. சத்தியமங்கலம் பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. ஒன்பது வருஷமாக அங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே சிங்காநல்லூரில். சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை அங்கே, வீடு இங்கே, அவ்வளவுதான்.

முப்பதாம் தேதிக்குப் பிறகு வேலை இல்லை. "அப்புறம் எங்கம்மா இருப்பீங்க?" என்று ஓசூரிலிருந்து மகள் சுகந்தி போனில் கேட்டிருக்கிறாள். "இன்னும் முடிவு பண்ணலை" என்றாளாம்.

இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது?

மார்ச் 24, திங்கள்

முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்போதும் ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு கை வேண்டியிருக்கிறது. அப்படியானால் கோளாறு டயரில் இல்லை, மூட்டுகளில் இல்லை. ஸ்டீரிங் கம்பி கீழே போய் முடிகிற பெட்டியில்தான்.

பெட்டியின் தலையில் ஆயில் ஊற்றுகிற மூடி ஒன்று உண்டு. கழற்றினேன். உள்ளே ஆயில் இல்லை. முழுக்க கிரீஸ்.

யார் அடித்த கிரீஸ் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 26, புதன்

ஹனீபா வந்தான். கரும்புக்கடையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், பழைய வண்டிகள் என்றால் பிரியாணியைக்கூட விட்டுவிட்டு வருவான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெட்டிக்குள் விரலை விட்டான். விரலை வெளியே எடுத்து, முகர்ந்து, என்னைப் பார்த்தான்.

"நாச்சிண்ணா, யாருண்ணா இதுல கிரீஸடிச்ச மகராசன்?"

"முன்ன ஒரு மெக்கானிக் இருந்தான்."

"அவன் கையை ஒடச்சு அடுப்புல வெக்கோணும். மில்லு பேரிங்குக்குப் போடற கிரீஸு இது. வாசத்துலயே தெரியுது."

அவன் விடவில்லை.

"கிரீஸுன்னா என்னண்ணா? வெச்ச எடத்துல ஒக்காந்துக்கும். உள்ள திருகு வந்து ஒரு தள்ளு தள்ளுனா ஓரமாப் போயி ஒதுங்கிக்கும். அப்புறம் திரும்பி வராது. பொட்டி நெறையா கிரீஸு இருக்கும், ஆனா திருகு காஞ்சு கெடக்கும். ஆயிலு அப்படியில்ல. ஒழுகும், தரையை நாஸ்தி பண்ணும். ஆனா தள்ளத் தள்ள ஓடியாந்து திருகு மேலயே விழும்."

இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறான்! எத்தனை ஸ்பின்னிங் ஃப்ரேமுக்கு நான் கிரீஸ் அடித்திருப்பேன். பேரிங் என்றால் கிரீஸ், அதில் என்ன சந்தேகம்? பெட்டிக்குள் பேரிங் மட்டும் இல்லை, திருகும் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஃபிட்டர் புத்தி எல்லாவற்றையும் பேரிங்காகவே பார்த்துவிட்டது. அவனிடம் இதைச் சொல்லவில்லை, காப்பி மட்டும் கொடுத்தேன்.

ஆக வேண்டியவை: பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கையான பிட்மேன் ஆர்மைக் கழற்றுவது. பெட்டி மூடியைத் திறப்பது. கிரீஸ் முழுவதையும் வழிப்பது. மண்ணெண்ணெய்க் கழுவல். ஒழுகலைத் தடுக்க ஒரு புது ஆயில் சீல். நூற்று நாற்பது நம்பர் கியர் ஆயில்.

மார்ச் 30, ஞாயிறு

வசந்தாமணியை நான் மணி என்றுதான் கூப்பிடுவது. ஞாயிறுதோறும் காலை பத்துக்கு அவளுக்குப் போன் செய்வது வழக்கம். இன்று இரண்டு நிமிஷம் பத்து விநாடி. கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டாள். பண்ணியாச்சு என்றேன். தண்ணி வரி? கட்டியாச்சு. அங்கே வெயில்? இருக்கு. இங்கேயும் இருக்கு.

கார் வேலை பார்ப்பதைச் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2, புதன்

வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் வரவில்லை. பிட்மேன் ஆர்மைச் சொல்கிறேன். பிடித்து இழுக்கிற புல்லரை மாட்டி முறுக்கினால் புல்லர் வளைகிறது.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டது. ஹனீபா பெரிய புல்லர் கொண்டுவந்தான். முழு இறுக்கம் கொடுத்து, பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரே ஒரு போடு. டங்கென்று கழன்று என் கால் பக்கத்தில் விழுந்தது. இரண்டு கிழவன்களும் குழந்தை பிறந்த மாதிரி சிரித்தோம்.

மூடியைத் திறந்தோம். கிரீஸ் ஆறிப்போன களி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் திருகு பளபளவென்று காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டுப் பசை இல்லை. நேராக ஓட்டும்போது உராய்கிற இடத்தில் மட்டும் லேசான தேய்மானம். "பொழச்சுக்கும்ணா" என்றான் ஹனீபா. அவன் போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்து குச்சியால் வழித்தேன். இரண்டு டப்பா.

வழிக்கும்போது ஞாபகம் வந்ததை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

இந்தப் பெட்டி முதலிலிருந்தே ஒழுகும். நிறுத்துகிற இடத்தில் நாளுக்கு நாலு சொட்டு. மணி இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் அடியில் ஒரு அட்டை போடுவாள், பழையதை எடுத்துவிடுவாள். நான் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. அவள் வருவது குறைந்த பிறகு தரை கறுத்தது. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த கிரீஸ் கன்னை எடுத்து, பெட்டி வாய் வரைக்கும் அடித்தேன். ஒழுகல் நின்றது. அட்டையும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மணிக்குப் போன் செய்யும் முன்னால் ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு. அந்தப் பள்ளி விளையாட்டு வாத்தியாராம், ஜெபராஜ் என்று பெயர்.

"சார், முப்பதாந் தேதி எச்.எம். டீச்சருக்கு விழா வெச்சிருக்கறமுங்க. நீங்க குடும்பத்தோட வந்தர்றீங்க."

"வர்றேன்."

"விழா முடிஞ்சதும் நாங்க ஸ்டாஃப் அத்தனை பேரும் வேன்ல போயி டீச்சரை வீட்டுல ஒப்படைச்சிட்டுத்தான் திரும்புவோமுங்க. எப்பவும் அப்படித்தான். வீட்டு ஆளுக வாசல்ல ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிட்டுக்கோணும்."

"எந்த வீட்டுல?"

"அதை டீச்சர்தான் சொல்லோணுமுங்க சார்" என்றார், ரொம்ப மரியாதையாக.

அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். வேன் வேண்டாம். ஆஸ்டினில் போய், மணியை முன்சீட்டில் உட்காரவைத்து, நேராகச் சிங்காநல்லூர். வேனில் வருகிறவர்கள் பின்னாலேயே வரட்டும். எழுபது கிலோமீட்டர்தான், எல்லோருக்கும் இங்கே சாப்பாடு போடுகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மண்ணெண்ணெயில் மூன்றாவது கழுவல். பெட்டி இப்போது அம்மணமாக, சுத்தமாக இருக்கிறது.

கை வேலையில் இருந்தால் மனம் அதன் பாட்டுக்கு அலைகிறது. "சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம்" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பொய்.

ஒன்பது வருஷத்துக்கு முன் மணிக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. சத்தி பக்கம்தான் இடம் காலி. ஒரு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. "போறதுன்னா போ. வாராவாரம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து உனக்காக நிக்க என்னால ஆகாது" என்றேன். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். சொன்னதோடு விட்டிருக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கையில் இரண்டு பை, எனக்கென்று வாங்கிய ஒரு வேட்டி. பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறாள். நான் வீட்டில்தான் இருந்தேன். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, கழற்ற வேண்டியதே இல்லாத ஒரு நட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ பிடித்து வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறாக்கிப் போட்டாள். அப்புறம் வாரம் என்பது மாதம் ஆனது, மாதம் என்பது தீபாவளி பொங்கல் ஆனது.

அவள் அன்று திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எனக்கு மணி வேண்டும். இதை எழுத அறுபத்து நாலு வயது ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

டவுன்ஹால் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். ஆஸ்டின் சீல் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் ஐந்தாவது கடையில் ஏதோ பம்பு செட்டுக்கு வருகிற சீல் ஒன்றை எடுத்துப் போட்டான். கச்சிதம். மூடியை மாட்டி, பிட்மேன் ஆர்மைப் பழைய குறியில் வைத்து இறுக்கியாயிற்று.

ஏப்ரல் 19, சனி

ஆயில் ஊற்றும் நாள். நூற்று நாற்பது நம்பர் என்றால் தேன் மாதிரி இருக்கும், அவசரப்பட்டால் வாயிலேயே நின்றுகொண்டு வழியும். டப்பாவைக் காலையிலேயே வெயிலில் வைத்தேன். கொஞ்சம் ஊற்றுவது, ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புவது, உள்ளேயிருந்து காற்று குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுவது. அரை லிட்டர்கூடப் பிடிக்காத பெட்டிக்கு ஒன்றரை மணி நேரம்.

கடைசியில் ஒற்றை விரலால் திருப்பினேன். திரும்பியது. சத்தமே இல்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"முப்பதாந் தேதி நான் ஆஸ்டின்ல வர்றேன்."

"அது ஸ்டீரிங் திரும்பாதுங்களே."

"திரும்புது. ஆயில் ஊத்திட்டேன்."

"கிரீஸுங்க?"

"வழிச்சுட்டேன்."

"சரிங்க" என்றாள்.

நான் கிரீஸ் அடித்தது இவளுக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்கு வந்தபோது கறை இல்லாத தரையையும் பக்கத்தில் கிடந்த கிரீஸ் கன்னையும் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

நாளெல்லாம் அந்தச் "சரிங்க"வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரி வாங்க என்ற சரியா, சரி வந்து தொலைங்க என்ற சரியா?

ஏப்ரல் 24, வியாழன்

வெள்ளோட்டம். ஒண்டிப்புதூர் வரை போய் வந்தேன். கை பட்டால் போதும், திரும்புகிறது. சிக்னலில் ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "தாத்தா வண்டி சூப்பரு" என்றான். தாத்தா வண்டியா, தாத்தாவின் வண்டியா தெரியவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டேன். புதுப் படுக்கை விரிப்பு, இரண்டு தலையணை உறை. பழையது கிழிந்திருந்தது, அதனால் வாங்கினேன்.

ஏப்ரல் 26, சனி

சுகந்தி போன். பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. "தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் வீட்டைத் தாண்டக் கூடாதுப்பா. அம்மாவோட விழாவுக்கு என்னால வர முடியாது. நீங்க கண்டிப்பாப் போயிருங்க." அழுதாள். பிறகு, "அப்பா, அம்மாவை எங்கேயும் கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள்.

நான் எப்போது கட்டாயப்படுத்தினேன்?

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆயில் மட்டம் சரி. டயர் காற்று சரி. வேட்டி சலவையிலிருந்து வந்தாயிற்று.

ஏப்ரல் 30, புதன்

ஆயில் மட்டம் குறிக்க வேண்டும் என்று இந்த டைரியைக் காரிலேயே போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் ஆறரை மணி. வெளிச்சம் இருக்கிறபோதே எழுதிவிடுகிறேன்.

காலை ஏழுக்குக் கிளம்பினேன். அன்னூர், புளியம்பட்டி. வண்டி வெண்ணெயாக வந்தது. பள்ளி வாசலில் நிறுத்தியதும் மொத்தக் கூட்டமும் காரைச் சுற்றிக்கொண்டது. மணி மேடையில் இருந்தாள். அரக்குப் பட்டு. அங்கேயிருந்தே என்னைப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். பாதியில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போய்க் கூட்டிவந்ததை, கழிப்பறைக்காகக் கலெக்டர் ஆபீசில் நாலு நாள் உட்கார்ந்ததை. எனக்கு ஒன்றும் தெரியாது. கேஸும் தண்ணி வரியும்தான் நான் ஒன்பது வருஷமாகக் கேட்டது. யாரோ ஒரு பெரிய மனுஷியின் விழாவுக்கு வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஆனால் அதற்கு எனக்கு உரிமை இல்லை.

விழா முடிந்ததும் ஜெபராஜ் சார் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். மணி மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். பின்னால் வேன்.

சத்தி டவுனுக்குள் நுழைந்தோம். நேராகப் போனால் பாலம், அதைத் தாண்டினால் கோயமுத்தூர் ரோடு. வழி நெடுக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒரே வரி: "மணி, நம்ம வீட்டுக்குப் போலாமா?" வாய் வரவில்லை. பாலம் தெரிந்தது.

"லெஃப்ட்டுல திருப்புங்க" என்றாள்.

அது ரங்கசமுத்திரம் போகிற வழி. அவளுடைய வாடகை வீட்டுக்கு. ஸ்டீரிங் எவ்வளவு லேசாகத் திரும்பியது! ஒரு மாதம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேனே, அந்த நிமிஷம் பார்த்து இறுகித் தொலைத்திருக்கக் கூடாதா? திரும்பிவிட்டது. நானும் திருப்பிவிட்டேன்.

சந்து முனையில் நிறுத்தச் சொன்னாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்க முன்னால போயிக் கதவைத் தொறந்து உள்ள இருங்க, நான் இவுங்களோட வேன்ல வர்றேன். பச்சைக் கதவு."

"நானா?"

"பின்ன? இவுங்க என்னை யாருகிட்ட ஒப்படைப்பாங்க? சுகந்தியும் வரலை. பூட்டுன வீட்டுக்கா?"

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையிலிருந்து ரோஜா இதழ்களைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்த வாசலை நான் மிதித்தது இல்லை. பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. விளக்கு சுவிட்ச் எது என்று தெரியாமல் மூன்றைத் தட்டினேன், மூன்றாவதுதான் எரிந்தது. ஹாலில் ஒரு லேடீஸ் சைக்கிள். மணி சைக்கிள் ஓட்டுவாள் என்பதே எனக்குத் தெரியாது. கைப்பிடி தேய்ந்திருந்தது, பல வருஷமாக ஓட்டியிருக்கிறாள்.

வெளியே வேன் நிற்கிற சத்தம். ஆரத்தி! அடுக்களைக்குள் ஓடினேன். தட்டு கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது. மஞ்சள் எங்கே, சுண்ணாம்பு எங்கே? டப்பா டப்பாவாகத் திறந்தேன். கடுகு, வெந்தயம், சர்க்கரை. வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள், புருஷன் தன் பெண்டாட்டி வீட்டில் மஞ்சள் தேடிக்கொண்டிருக்கிறான். பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது. வாசலில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அந்த அமைதியில் மணியின் குரல், வகுப்பில் பேசுகிற மாதிரி கணீரென்று:

"மஞ்சள் எடது கைப் பக்க அலமாரில, ரெண்டாவது தட்டுங்க. சுண்ணாம்பு அதுக்குப் பின்னால."

கரைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு டீச்சரம்மா சட்டென்று முன்னால் வந்து, "குடுங்க சார், பொம்பளைங்க எடுக்கறதுதான் மொறை" என்று தட்டுக்குக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்மா. அவரே எடுக்கட்டும்" என்றாள் மணி.

எடுத்தேன். தட்டைச் சாய்த்துவிட்டேன், வேட்டியெல்லாம் சிவப்பு. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பொட்டு வைக்கக் கிட்டே போனபோதுதான் பார்த்தேன், அவள் காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. கிட்டத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

"சார், எங்க எச்.எம்.மைப் பத்திரமா ஒப்படைச்சுட்டோமுங்க. இனி நீங்களாச்சு" என்றார் ஜெபராஜ் சார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். "மணி, அன்னிக்குக் காந்திபுரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல அந்த வேட்டியை மாத்துங்க" என்றாள்.

"மாத்து வேட்டி எடுத்துட்டு வரலை. உன்னைக் கூட்டிட்டுத் திரும்பிரலாம்னுதான் வந்தேன்."

"தெரியுமுங்க. நான் இந்த ஊரை விட்டு வர்றதா இல்லைங்க. எனக்கு இங்க வேலை இருக்குது, பாதியில நின்ன புள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்." டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு அங்க என்ன வேலை இருக்குது?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஆஸ்டின் வேலைதான் இருந்தது. அதுவும் முடிந்துவிட்டது.

அவளுடைய பழைய சேலை ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது.

மே 1, வியாழன்

காலையில் பால் வாங்கப் போனேன். புது ஆளாக இருக்கிறேனே என்று கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எந்த வீடுங்க?" என்றார்.

"எச்.எம். டீச்சர் வீடு" என்றேன்.